கடவுள் ஏன் மனிதரானார்? கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஓர் எளிய அறிமுகம்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் "கடவுள் மனிதராகப் பிறந்தார்" என்ற வாக்கியம் வாழ்த்து அட்டைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் தாராளமாகப் புழங்கத் தொடங்கிவிடும். ஏன் பிறந்தார் என்று கேட்டால், "நம் பாவங்களுக்காகச் சாவதற்கு" என்ற பதிலோ, "அன்பைப் போதிப்பதற்கு" என்ற பதிலோ கிடைக்கும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கேட்பவர் அடுத்த கேள்வியைக் கேட்டதும் இரண்டுமே தடுமாறுகின்றன. சாவதுதான் நோக்கம் என்றால், அதற்கு முன்னால், இயேசு வளர்ந்த ஊரான நாசரேத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எதற்கு? அன்பைப் போதிக்க ஓர் இறைவாக்கினர் போதாதா? எல்லாம் வல்லவர் ஒரு சொல்லால் மன்னித்துவிட முடியாதா? அவர் பூமியில் இருந்தபோது உலகை யார் நடத்தினார்?

இவை புதிய கேள்விகள் அல்ல. கிறிஸ்தவம் தோன்றிய முதல் சில நூற்றாண்டுகளிலேயே எதிரிகளும் கேட்டார்கள், விசுவாசிகளும் கேட்டார்கள். ஆழமான பதில்களும் எழுதப்பட்டன. அந்தப் பதில்கள் பீடத்திலிருந்து அதிகம் சொல்லப்படாமல் போனதால்தான், உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் இந்த நம்பிக்கையை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். இறையியலில் முன்பழக்கம் ஏதும் இல்லாத ஒருவர் அவற்றைப் பின்தொடர்வதற்கு வழிசெய்வதே இக்கட்டுரையின் வேலை.

இரு வீட்டுக்கும் உறவான ஒருவர்

இரண்டு குடும்பங்களுக்குள் பல தலைமுறைப் பகை என்று வைத்துக்கொள்வோம். நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. வெளியாள் ஒருவர் சமாதானம் பேசப் போனால், "உங்களுக்கு இதில் என்ன தெரியும்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு வீட்டுக்காரரே பேசப் போனால், மறு வீட்டார் அவரை நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் பிறந்து இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்தால் நிலைமை வேறு. அவன் இரு வீட்டுக்கும் பேரன். அவன் வாய் திறந்து சமாதானம் பேசுவதற்கு முன்னாலேயே, பிரிந்து கிடந்த இரண்டு குடும்பங்களும் அவனுக்குள் ஒன்றாகிவிட்டன.

கிறிஸ்தவ நம்பிக்கையின் நுழைவாயில் இதுதான். கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே ஒருவரே இடைநிலையாளர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதம் கிறிஸ்துவைச் சொல்கிறது. அவர் செய்தி கொண்டுவந்த தூதர் மட்டும் அல்ல. கடவுளும் மனித இனமும் அவரில் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன.

இந்த ஒப்புமை இரண்டு இடங்களில் உடைகிறது, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். பேரன் ஒவ்வொரு வீட்டுக்கும் பாதி உரியவன். கிறிஸ்துவோ பாதிக் கடவுளும் பாதி மனிதரும் அல்லர். மேலும், குடும்பப் பகையில் இரு தரப்பும் சமம். இங்கே ஒரு தரப்பு படைத்தவர், மறு தரப்பு படைக்கப்பட்டவர்கள். சமாதானத்துக்கு முதலடி எடுத்து வைத்தவரும் படைத்தவர்தான். "தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார்" என்பது திருத்தூதர் பவுலின் கருத்து (2 கொரிந்தியர் 5:19). கோபத்தில் இருந்த கடவுளை வேறு யாரோ வந்து சாந்தப்படுத்தியதாக அவர் எழுதவில்லை.

மனிதரானவர் யார்?

"அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்கிறது யோவான் நற்செய்தி (1:14). கடவுள் ஒருவரே என்றும், அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராய் இருக்கிறார் என்றும் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். இம்மூவரில் "வார்த்தை" என்றும் "மகன்" என்றும் அழைக்கப்படுபவரே மனிதரானார். மகன் என்ற சொல் உடல்வழிப் பிறப்பைக் குறிப்பதில்லை. காலம் தொடங்குவதற்கு முன்பிருந்தே தந்தையோடு இருக்கும் உறவைக் குறிக்கிறது. அந்த மகன் நம்முடைய மனித இயல்பைத் தமதாக்கிக்கொண்டதைத்தான் இறையியலில் "மனிதராதல்" என்கிறார்கள். இயல்பு என்பது, ஒன்று எதுவாக இருக்கிறதோ அதற்கு அடிப்படையாக அமைவது. மனித இயல்பு என்றால் உடல், உயிர், அறிவு, விருப்பம், உணர்ச்சி அனைத்தும் சேர்ந்தது.

இது வேடம் அல்ல என்பதில் முதல் தலைமுறைகளே மிகக் கண்டிப்பாக இருந்தன. கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம் என்று சிலர் சொன்னபோது, 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் ஆயர் (ஒரு பகுதியின் திருச்சபைத் தலைவர்) இக்னேசியுஸ், அவர் மெய்யாகவே பிறந்தார், உண்டார், குடித்தார், மெய்யாகவே இறந்தார் என்று தம் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதினார். கொடும்புயலில் படகு தத்தளிக்கும்போது இயேசு தூங்கிக்கொண்டிருந்ததாக நற்செய்தியாளர் மாற்கு சொல்கிறார். படகின் பின்பக்கம், தலையணையின்மேல் என்று இடத்தையும் குறிப்பிடுகிறார். நாள் முழுவதும் கூட்டத்திடம் பேசிக் களைத்த ஒருவரின் தூக்கம் அது. நடிப்பதற்கு அங்கே தேவை ஏதும் இல்லை.

அப்படியானால் அவர் தூங்கியபோது உலகை நடத்தியவர் யார்? மகன் மனிதரானபோது கடவுளாயிருப்பதை நிறுத்திவிடவில்லை என்பதே கிறிஸ்தவத்தின் பதில். அவர் உடலுக்குள் அடைபட்டவர் அல்லர் என்றும், உடலில் இருந்தபடியே அனைத்தையும் தாங்கினார் என்றும் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் 4ஆம் நூற்றாண்டில் எழுதினார். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஆள் மாறுவதுபோல் கடவுள் வானத்தைக் காலிசெய்துவிட்டு வந்தார் என்று எந்தப் பழைய சபையும் போதித்ததில்லை. பவுல், "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" என்று எழுதும்போது (பிலிப்பியர் 2:7), அந்த வெறுமையாக்கலை அவரே அடுத்த சொற்களில் விளக்கிவிடுகிறார்: அடிமையின் ரூபத்தை எடுத்ததுதான் அது. தம்மிடம் இருந்ததைக் கழித்ததால் அல்ல, தமக்கு உரியதல்லாத தாழ்மையை ஏற்றதால் அவர் தம்மை வெறுமையாக்கினார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: என்றுமுள்ள மகன், கடவுளாகவே இருந்துகொண்டு, முழு மனித இயல்பையும் ஏற்றார். பாதியும் அல்ல, வேடமும் அல்ல. இனி "ஏன்" என்ற கேள்விக்கு வரலாம்.

நோய் என்ன என்பதைப் பொறுத்தது மருந்து

மனிதரின் நிலைமையில் என்ன கோளாறு என்று கருதுகிறோமோ, அதைப் பொறுத்தே கடவுள் ஏன் வந்தார் என்ற பதிலும் அமையும். அறியாமைதான் கோளாறு என்றால் ஆசிரியர் போதும். சட்டமீறல் மட்டும்தான் என்றால் மன்னிப்பு போதும். கிறிஸ்தவம் இவற்றை மறுக்கவில்லை. ஆனால் இவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருப்பதாகச் சொல்கிறது.

கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்கிறது வேதாகமத்தின் முதல் நூலான தொடக்கநூல். அவருடைய உயிரில் பங்குபெற்று வாழவேண்டியவர்கள் அந்த உறவிலிருந்து விலகினார்கள். இந்த விலகலே பாவம். தனித்தனித் தவறுகளின் பட்டியல் இதிலிருந்து பிறப்பது; இதுவே வேர். உயிரின் ஊற்றிலிருந்து விலகியவர் உயிரை இழப்பார், ஆகவே சாவும் அழிவும் மனித இயல்புக்குள்ளேயே நுழைந்துவிட்டன. மனித இயல்புக்கு நேர்ந்த இந்தச் சிதைவைத்தான் அத்தனாசியுஸ் தம் விளக்கத்தின் மையத்தில் வைத்தார்.

அத்தனாசியுஸின் பதில்

அத்தனாசியுஸ் எழுதிய "வார்த்தையின் மனிதராதல்" என்ற நூல், இந்தக் கேள்விக்கு இன்றுவரை வாசிக்கப்படும் பதில்களுள் மிகத் தெளிவானது என்பது என் எண்ணம். 328இல் அலெக்சாந்திரியாவின் ஆயரான அவர், கிறிஸ்து யார் என்பதில் விட்டுக்கொடுக்க மறுத்ததால் 5 முறை நாடுகடத்தப்பட்டு, தம் 45 ஆண்டு ஆயர் வாழ்வில் ஏறத்தாழ 17 ஆண்டுகளை வெளியில் கழித்தவர்.

அவர் ஓர் இக்கட்டிலிருந்து தொடங்குகிறார். பாவம் செய்தால் சாவு என்று கடவுள் சொல்லியிருக்கிறார். மனிதர் பாவம் செய்துவிட்டார்கள். சொன்ன சொல்லைக் கடவுள் திரும்பப் பெற்றால், அவர் உண்மையற்றவர் ஆகிவிடுவார். தம் சாயலாகப் படைத்தவர்களை அழிந்துபோக விட்டுவிட்டாலோ, அவருடைய நன்மைக்கு அது பொருந்தாது. மனம் திரும்பினால் போதாதா என்ற கேள்வியை அவரே எழுப்புகிறார். வெறும் குற்றம் மட்டும் என்றால் மனந்திரும்புதல் போதும், ஆனால் அது இனிமேல் பாவம் செய்யாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே இயல்புக்குள் புகுந்துவிட்ட அழிவை வெளியேற்றாது என்று பதிலும் தருகிறார். "சும்மா மன்னித்திருக்கலாமே" என்று இன்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். மன்னிப்பு உறவைச் சரிசெய்யும். செத்துக்கொண்டிருப்பவருக்கு அதற்கு மேலும் உயிர் வேண்டும்.

அந்த உயிரைத் தரக்கூடியவர் யார்? ஒன்றுமில்லாமையிலிருந்து அனைத்தையும் படைத்தவர் மட்டுமே. எங்கிருந்து தரவேண்டும்? சாவு மனித உடலுக்கு வெளியே நின்றிருந்தால், வெளியிலிருந்தே கட்டளையிட்டு விரட்டலாம். அது உள்ளே வேரூன்றியதால், உயிரும் உள்ளே வந்தாக வேண்டியிருந்தது. ஆகவே வார்த்தை, சாகக்கூடிய ஓர் உடலை ஏற்று, அனைவரின் சாவையும் அதில் அனுபவித்து, உயிர்த்தெழுந்து, சாவின் பிடியை உள்ளிருந்தே தளர்த்தினார்.

இதற்கு அத்தனாசியுஸ் தரும் படம் மறக்க முடியாதது. பலகையில் தீட்டிய உருவம் அழுக்கால் அழிந்துபோனால், பலகையைத் தூக்கி எறிய மாட்டார்கள். யாருடைய உருவமோ அவரே மீண்டும் வந்து முன்னால் உட்கார வேண்டும், அதே பலகையில் உருவம் புதுப்பிக்கப்படும். மனிதர் கடவுளின் சாயலில் தீட்டப்பட்டவர்கள். அந்தச் சாயலின் மூலவடிவமே மகன். ஆகவே அவரே வந்தார். நாசரேத்தின் முப்பது ஆண்டுகளுக்கும் இங்கே பொருள் கிடைக்கிறது. குழந்தையாக, சிறுவனாக, தச்சராக, களைத்தவராக, கண்ணீர் விட்டவராக அவர் வாழ்ந்த ஒவ்வொரு நிலையிலும் மனித வாழ்வு கடவுளோடு இணைந்து புதுப்பிக்கப்பட்டது. கிறிஸ்து மனித வாழ்வின் எல்லாப் பருவங்களையும் கடந்து அவற்றைப் புனிதமாக்கினார் என்று 2ஆம் நூற்றாண்டிலேயே லியோன் நகரின் ஆயர் இரனேயு எழுதியிருந்தார். முதல் மனிதனாகிய ஆதாம் கீழ்ப்படியாமல் கெடுத்ததைக் கிறிஸ்து கீழ்ப்படிந்து மறுபடியும் வாழ்ந்து சரிசெய்தார் என்பதும் அவர் கருத்து.

"நாம் தெய்வமாகும்படி அவர் மனிதரானார்" என்ற அத்தனாசியுஸின் வரி பலரைத் திடுக்கிடச் செய்வது. மனிதர் படைப்பாளர் ஆகிவிடுவார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. மகன் இயல்பாகவே எதுவாக இருக்கிறாரோ, அதில் நாம் அருளால் பங்குபெறுவோம் என்பதே பொருள். கீழைத் திருச்சபைகள் இதைத் "தெய்வமாக்கம்" என்று அழைத்து, மீட்பின் முழு நோக்கமாகவே கருதுகின்றன.

சுருக்கமாக: அத்தனாசியுஸின் கணிப்பில் நோய் சாவும் சிதைவும், மருந்து, உயிரின் ஊற்றானவரே அந்த இயல்புக்குள் நுழைவது. இங்கே சிலுவைக்கான முன்னேற்பாடாக மட்டும் மனிதராதல் வரவில்லை. அதுவே மீட்பின் தொடக்கம்.

திருச்சங்கங்கள் எதற்காகச் சண்டையிட்டன?

திருச்சங்கம் என்பது பல நாட்டு ஆயர்கள் கூடி நம்பிக்கை பற்றித் தீர்மானிக்கும் பேரவை. 4, 5ஆம் நூற்றாண்டுச் சங்கங்கள் ஓர் எழுத்துக்காக மயிர்பிளக்கும் வாதம் செய்தன என்ற ஏளனம் இன்றும் உண்டு. "ஏன் மனிதரானார்" என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், ஒவ்வொரு சண்டையும் மீட்பைப் பற்றியது என்பது விளங்கும்.

அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், மகன் படைப்புகளில் தலைசிறந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவரே என்றார். படைக்கப்பட்டவர் தம் உயிரையே வேறொருவரிடமிருந்து பெற்றவர். அவரால் பிறருக்கு எப்படி அழியா உயிரைத் தர முடியும்? 325இல் நிசேயாவில் கூடிய சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர், அதாவது தந்தையைப் போலவே முழுமையாகக் கடவுள் என்று அறிக்கையிட்டது. அதே அறிக்கை, "நமக்காகவும் நம் மீட்புக்காகவும்" அவர் இறங்கி மனிதரானார் என்று "ஏன்" என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் இந்த அறிக்கையைச் சொல்லும்போது, அவர் மனிதரானதைச் சொல்லும் இடத்தில் மக்கள் தலைவணங்குவார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25 அன்று வரும் மங்கள வார்த்தைத் திருநாளிலும் முழந்தாளிடுவார்கள்.

அடுத்து, லவோதிக்கேயாவின் ஆயர் அப்பொல்லினாரிஸ் எதிர்ப்பக்கம் தவறினார். கிறிஸ்துவின் உடல் மனித உடல்தான், ஆனால் மனித அறிவு இருக்கவேண்டிய இடத்தில் தெய்வ வார்த்தையே இருந்தது என்றார். அதற்கு நசியான்சு கிரகோரியார் ஒரு கடிதத்தில் எழுதிய மறுமொழி, இந்தப் பொருள் முழுவதற்கும் திறவுகோல்: "எது ஏற்கப்படவில்லையோ அது குணமாக்கப்படவில்லை." பாவம் முதலில் நுழைந்ததே மனதின் வழியாக என்றால், கிறிஸ்து மனித மனத்தை ஏற்காதிருந்தால் நம் மனத்துக்கு மருந்தே இல்லை. 381இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அப்பொல்லினாரிஸின் கருத்தைத் தள்ளியது.

பிறகு எழுந்தது, கடவுளும் மனிதருமான இவர் ஒருவரா, இணைந்து இயங்கும் இருவரா என்ற கேள்வி. 431இல் எபேசு சங்கம், மரியாவைக் கடவுளின் தாய் என்று அழைப்பது சரி என்றது. அவர் பெற்றெடுத்தவர் மகனாகிய கடவுளே, கடவுளோடு சேர்க்கப்பட்ட வேறொருவர் அல்லர் என்பதே அதன் கருத்து. 451இல் கல்செதோன் சங்கம், ஒரே ஆள், இரண்டு இயல்புகள், அவை கலப்பின்றி, மாற்றமின்றி, பிளவின்றி, பிரிவின்றி இருக்கின்றன என்று வகுத்தது. "ஆள்" என்பது, "இவர் யார்?" என்ற கேள்விக்கு வரும் பதில். எகிப்தின் கோப்து திருச்சபையும், ஆர்மீனிய, சிரியத் திருச்சபைகளும் கல்செதோனின் சொற்களை ஏற்கவில்லை. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் அந்த மரபில் வருவதே. ஆனால் அவர்களும் கிறிஸ்துவின் முழு மனிதத்தை மறுப்பவர்கள் அல்லர். 1973இல் திருத்தந்தை 6ஆம் பவுலும் கோப்து திருத்தந்தை 3ஆம் ஷெனூடாவும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, கிறிஸ்து நிறைவான கடவுள், நிறைவான மனிதர் என்று இரு தரப்பும் ஒன்றாக அறிக்கையிடுவதைக் காட்டுகிறது.

அன்செல்மும் கடனும்

மேற்கு ஐரோப்பாவில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. கேன்டர்பரியின் பேராயர் அன்செல்ம் 1098இல் "கடவுள் ஏன் மனிதரானார்" என்ற தலைப்பிலேயே ஒரு நூலை எழுதி முடித்தார். தம் மாணவர் போசோவுடன் உரையாடுவதாக அது அமைந்திருக்கிறது. கடவுளுக்குரிய மதிப்பை மனிதர் அவருக்குத் தரவில்லை. இந்தக் கடன் ஈடுசெய்யப்படாவிட்டால் படைப்பின் ஒழுங்கே குலையும். ஈடு செலுத்த வேண்டியவர் மனிதர், ஆனால் அவரால் முடியாது. அவரிடம் இருப்பதெல்லாம் ஏற்கெனவே கடவுளுக்கு உரியது. செலுத்த முடிந்தவர் கடவுள் மட்டுமே, ஆனால் அவர் கடன்பட்டவர் அல்லர். ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவரே அதைச் செலுத்த முடியும்.

பலர் இங்கேதான் ஒன்றை இன்னொன்றோடு குழப்புகிறார்கள். அன்செல்ம் தண்டனையையும் ஈட்டையும் தெளிவாகப் பிரிக்கிறார்: ஒன்று ஈடு, இல்லையேல் தண்டனை. கிறிஸ்து தம்மைத் தாமாகவே கையளித்து ஈடுசெய்ததால் தண்டனை தேவையற்றுப் போனது என்பதே அவர் கருத்து. நமக்குரிய தண்டனையைக் கிறிஸ்து நம் இடத்தில் ஏற்றார் என்ற விளக்கம் 16ஆம் நூற்றாண்டில் கால்வின் போன்ற சீர்திருத்தவாதிகளிடம் முழு உருப்பெற்றது. தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளின் மேடைகளில் இன்று அதிகம் கேட்பது அதுவே. அதற்கும் வேதாகம அடிப்படை உண்டு. ஆனால், கோபக்காரத் தந்தை ஒன்றும் அறியாத மகனை அடித்தார் என்பதுபோல் அதைச் சொல்வது, தந்தையும் மகனும் ஒரே விருப்பத்தோடு செயல்பட்டதை மறைத்துவிடுகிறது. அந்தச் சித்திரத்தைக் கேட்டு மனம் வெறுத்து விலகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விலகிப்போனது நம்பிக்கையின் திரிந்த வடிவத்திலிருந்து என்பதுதான் வருத்தம்.

12ஆம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்டு, கிறிஸ்து காட்டிய அன்பு நம் உள்ளத்தில் அன்பை மூட்டுகிறது என்பதை முன்னிறுத்தினார். அது உண்மை, தனியாக நின்றால் போதாது.

பாவமே இல்லாதிருந்தால்?

ஆதாம் பாவம் செய்யாதிருந்தாலும் மகன் மனிதராகியிருப்பாரா? வேதாகமம் எங்கும் பாவத்தையே காரணமாகச் சொல்வதால், வந்திருக்க மாட்டார் என்று கொள்வதே பொருத்தம் என்றார் 13ஆம் நூற்றாண்டின் தோமா அக்குவினா; கடவுளின் வல்லமைக்கு எல்லை விதிக்க மனமின்றி, வந்திருக்கவும் முடியும் என்று இடம் விட்டார். 1308இல் மறைந்த பிரான்சிஸ்கு சபைத் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ், வந்தே இருப்பார் என்றார். கடவுளின் செயல்களிலேயே உயர்ந்ததற்கு மனிதரின் தவறு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. படைக்கும்போதே கிறிஸ்துவை நோக்கியே படைத்தார் என்பது அவர் வாதம். கிறிஸ்துவைப் படைப்பு அனைத்திலும் தலைப்பேறு (தலைமகன்) என்று சொல்லும் கொலோசையர் கடிதம் இதற்குத் துணைநிற்கிறது. இரு கருத்துகளையும் கொள்ளத் திருச்சபையில் இடம் உண்டு. எனக்கு ஸ்கோட்டஸின் பக்கம் சாய்வு அதிகம், ஏனெனில் அவர் பார்வையில் மனிதராதல் பழுது பார்க்கும் வேலையாகச் சுருங்குவதில்லை.

கழற்றி வைக்கப்படாத மனிதம்

பரவலாகத் தவறவிடப்படும் ஒன்று மீதம் இருக்கிறது. வேலை முடிந்ததும் மகன் மனித இயல்பைக் களைந்துவிட்டுத் திரும்பிப் போனார் என்று பல கிறிஸ்தவர்களே நினைக்கிறார்கள். நற்செய்தியோ உயிர்த்தெழுந்தவர் சீடர்கள் முன்னிலையில் ஒரு துண்டுப் பொரித்த மீனை வாங்கி உண்டார் என்கிறது (லூக்கா 24:42-43). தாம் ஆவி அல்ல என்று காட்டவே அதைச் செய்தார். விண்ணேறியவரும் அதே உடலோடு சென்றவர்தான். இப்போதும், என்றென்றைக்கும், மகன் மனிதராகவே இருக்கிறார் என்பது எல்லாப் பெரிய திருச்சபைகளின் பொதுவான நம்பிக்கை. குறிப்பிட்ட பணிக்காகத் தெய்வம் ஓர் உருவெடுத்து, பணி முடிந்ததும் தன் நிலைக்குத் திரும்பும் என்ற, நம்மிடையே பழகிய கருத்திலிருந்து கிறிஸ்தவம் வேறுபடும் முக்கிய இடமும் இதுவே.

இதிலிருந்து ஒரு விளைவு நேரடியாகப் பிறக்கிறது. உடல் ஒரு சிறை, அதிலிருந்து ஆன்மா தப்பிப்பதே மீட்பு என்று கிறிஸ்தவம் கருத முடியாது. கடவுளின் மகனே அந்த உடலை விட்டுவிடவில்லை. பின்னர் விரிவாக்கப்பட்டு இன்று வழிபாட்டில் சொல்லப்படும் நிசேயா அறிக்கை ஆன்மாவின் அழியாமையைக் குறிப்பிடாமல், இறந்தோரின் உயிர்ப்பை எதிர்பார்ப்பதாகச் சொல்வதற்குக் காரணம், அதே அறிக்கையில் சில வரிகளுக்கு முன் அவர் மனிதரானார் என்று சொல்லப்பட்டிருப்பதுதான்.